பழைய மீன் தொட்டி வாங்கினால், மீன் விடும் முன் இதைச் செய்யுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் வீடு காலி செய்த ஒருவரிடம் இரண்டடித் தொட்டி ஒன்றை வாங்கினேன். “ஒழுகாதுங்க” என்றார். பொய்யில்லை, அவர் மீன் வளர்த்தவரை ஒழுகியிருக்காது. அப்புறம் ஒரு கோடை முழுக்க அது மொட்டை மாடி வெயிலில் காலியாகக் கிடந்திருக்கிறது. நம்பி, அன்றைக்கே நிரப்பி மீன் விட்டேன். விடிந்து பார்த்தால் தொட்டியில் மூன்று விரல் தண்ணீர் இறங்கிக் கூடத்துத் தரையில் கிடக்கிறது. உங்களுக்கு அந்தக் காலை வேண்டாம்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 56 லிட்டர். அத்தனை தண்ணீரையும் பிடித்து வைத்திருப்பது மூலைகளில் ஓடும் சிலிக்கான் பசை மட்டும்தான். அதனால் வாங்கும்போதே மூலைகளை நகத்தால் வருடிப் பாருங்கள். ஓரம் தூக்கிக்கொண்டு வந்தால் ஆபத்து. வெளிப்பக்கம் இணைப்பை ஒட்டி வெள்ளைக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்ம பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். கசிந்த தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாது. விற்பவர் சொல்வதைவிட நான் அந்தக் கோட்டைத்தான் நம்புவேன்.

தூக்கும்போது இரண்டு பேர், அடியில் கை கொடுத்து. தண்ணீரோடு ஒருபோதும் நகர்த்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே படிந்த உப்பை வினிகர் தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு கூடாது. உப்புப் படிவே சின்ன ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம், அதனால் கழுவிய பிறகுதான் சோதனை.

நிழலில், மட்டமான தரையில் தெர்மாகோல் போட்டுத் தொட்டியை வையுங்கள். சுற்றிலும் செய்தித்தாள் விரியுங்கள். மூன்றில் ஒரு பங்கு ஊற்றி ஒரு மணி நேரம் பொறுங்கள். தாள் நனையவில்லையா? இன்னொரு பங்கு. நிறைந்ததும் மட்டத்தில் டேப் ஒட்டி, மேலே மூடி, இரண்டு நாள் விடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் மட்டம் கொஞ்சம் இறங்குவது ஆவியாகவும் இருக்கலாம், பதறாதீர்கள். தாளைப் பாருங்கள். நனைந்த தாள் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் அந்தச் சுருக்கம் போகாது. என் தொட்டியில் பின்பக்க இடது மூலைக்கு நேராக உள்ளங்கை அளவு சுருக்கம் இருந்தது.

கசிந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொட்டியைக் காலி செய்து நன்றாகக் காய வையுங்கள். வெளியிலிருந்து பூசிப் பயனில்லை, தண்ணீரின் அழுத்தம் உள்ளிருந்து தள்ளிவிடும். உள்பக்கச் சிலிக்கானை பிளேடால் சுற்றிலும் முழுதாகச் சுரண்டி எடுங்கள். கசியும் இடத்தில் மட்டும் பூசினால் போதாது, ஏனென்றால் பழைய சிலிக்கான்மேல் புதியது சரியாக ஒட்டாது. கண்ணாடிகளுக்கு நடுவில் இருப்பதைத் தொடாதீர்கள். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, மீன் தொட்டிக்கான சிலிக்கானைப் பூசி விரலால் அழுத்தி இழுங்கள். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்புச் சிலிக்கான் மீனுக்கு விஷம். ஒரு வாரம் காயட்டும், பிறகு மறுபடி அதே சோதனை.

கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கும் சிலிக்கானே விட்டிருந்தாலோ, அடிக் கண்ணாடியில் விரிசல் இருந்தாலோ நீங்களே முயல வேண்டாம். தொட்டி செய்பவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, பிளக் பாக்ஸ் தொட்டிக்குக் கீழே இருக்கக் கூடாது. வயரைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றிச் செருகினால், வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். மீன் விட்ட பிறகும் முதல் வாரம் ஸ்டாண்டின் கீழ் ஒரு செய்தித்தாள் கிடக்கட்டும்.