டெல்டா ஊர்களில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறீர்களா? எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

குறுவைக்கு பம்புசெட்டுகள் ஓடும் நாட்களில் தஞ்சை, திருவாரூர் பக்கக் கிராமங்களில் வோல்டேஜ் இறங்குவது சகஜம். பிராசஸருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது, கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுங்கள்.

கேபினெட்டோடு வருவதில் 450 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்குக் கீழே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்ஸ்தான். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுக்கும் அதிலிருந்துதான் மின்சாரம் போகிறது. கார்டு இல்லாத சாதாரண வீட்டு உபயோகத்துக்கு இது போதும். 120 வாட்ஸ் கார்டு போடுவதாக இருந்தால் 12 வோல்ட்டில் 35 ஆம்பியராவது தருவதை வாங்குங்கள்.

ஸ்டிக்கரில் இன்புட் என்று உள்ள வரியையும் பாருங்கள். 200–240 வோல்ட் என்றிருந்தால், வோல்டேஜ் 170-க்கு இறங்கும்போது சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகலாம். ராம் போய்விட்டது என்று நினைத்து வீணாக மாற்றுபவர்கள் உண்டு. 100–240 உள்ளதே நமக்குச் சரி.

யுபிஎஸ்ஸில் விஏ (வோல்ட்-ஆம்பியர்) கணக்கு வேறு, வாட்ஸ் வேறு. 600 விஏ பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க உதவும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சில மலிவு யுபிஎஸ்களோடு ஒத்துப்போகாமல், கரண்ட் போன கணமே அணைந்துவிடும். காசு கொடுக்குமுன் கடையிலேயே இரண்டையும் இணைத்து, ஒரு கேம் ஓடும்போது யுபிஎஸ்ஸுக்குக் கரண்ட் வரும் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்.