பிளானிங் போர்டு விசாரணைக்குப் போகும்முன்: நியூ ஜெர்சியில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

எடிசன், சவுத் பிரன்ஸ்விக், பிளெயின்ஸ்பரோ மாதிரியான நியூ ஜெர்சி ஊர்களில் சொந்த வீடு இருந்தால், என்றாவது ஒருநாள் சர்டிஃபைடு மெயிலில் ஒரு கடிதம் வரும். பக்கத்துக் காலி மனையில் கடைத்தொகுதியோ கிடங்கோ அடுக்குமாடியோ வரப்போகிறது, இன்ன தேதி மாலை டவுன்ஷிப்பின் பிளானிங் போர்டில், அதாவது கட்டுமான விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவெடுக்கும் ஊர்க் குழுவில், விசாரணை என்று அதில் இருக்கும். அன்றிரவே வாட்ஸ்அப் குழு கொதிக்கும். "டிராஃபிக் தாங்காது", "பிள்ளைகள் ரோட்டைக் கடக்கவே முடியாது", "எல்லாரும் போய் எதிர்ப்போம்". சொன்னபடி போகவும் செய்வார்கள். அரங்கம் நிரம்பியிருக்கும். அப்படியும் போர்டு அனுமதி கொடுத்துவிடும். பில்டரிடம் காசு வாங்கிவிட்டார்கள் என்று முணுமுணுத்தபடி எல்லாரும் காரை எடுப்பார்கள்.

பெரும்பாலும் காரணம் காசு இல்லை. போர்டு எதையெல்லாம் கணக்கில் எடுக்கலாம் என்பதை 1975-ல் இயற்றிய முனிசிபல் லேண்ட் யூஸ் லா என்ற மாநிலச் சட்டம் முன்பே வரையறுத்து வைத்திருக்கிறது. மேடையில் நாம் பேசுவதில் முக்கால்வாசி அந்த வரம்புக்கு வெளியே விழுகிறது. கூட்டம் கூடிக் குரல் உயர்த்தினால் வழிக்கு வர இது ஊர்ப் பஞ்சாயத்து இல்லை. பாதி நீதிமன்றம். சாட்சிகள் சத்தியப் பிரமாணம் எடுத்துப் பேசுவார்கள், குறுக்கு விசாரணை உண்டு, எல்லாம் பதிவாகும். அந்தப் பதிவில் இருப்பதை வைத்துத்தான் போர்டு முடிவெடுக்க முடியும்.

முதல் தவறு, கடிதத்தையே நம்பியிருப்பது. மனையின் எல்லையிலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது வரும். 300 அடி தள்ளி இருந்தால் வராது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வராது. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை 200 அடியோடு முடிந்துவிடுவதில்லை. அந்த ரோட்டில் தினமும் போய்வருபவர் தாராளமாகப் பேசலாம். போர்டின் அஜெண்டாவை டவுன்ஷிப் இணையதளத்தில் மாதம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

கடிதம் குறைந்தது 10 நாள் முன்னதாக வர வேண்டும் என்பது விதி. வரைபடங்களும் அறிக்கைகளும் அதே 10 நாள் அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். இதைப் போய்ப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. வரைபடத்தைப் பார்க்காமல் விசாரணைக்கு வந்து, ஏற்கெனவே திட்டத்தில் இருக்கும் நடைபாதையை ஏன் போடவில்லை என்று ஒருவர் கேட்டால், அதன்பிறகு அவர் சொல்லும் நியாயமான விஷயமும் எடுபடாது.

அடுத்து, எந்த போர்டு என்று பார்க்காமல் போவது. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் ஊரின் சோனிங் விதி, அந்த மனையில் கடை வைக்க ஏற்கெனவே இடம் கொடுத்திருந்தால் விண்ணப்பம் பிளானிங் போர்டுக்கு வரும். இடம் கொடுக்காத பயன்பாடு என்றால் யூஸ் வேரியன்ஸ் என்ற விதிவிலக்கைக் கேட்டு சோனிங் போர்டுக்குப் போக வேண்டும். அங்கே 5 உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தால்தான் வேரியன்ஸ் கிடைக்கும். விதிவிலக்கு கொடுக்கத் தனிக் காரணம் இருக்கிறது, அதனால் பொதுநலனுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் விண்ணப்பதாரர் தலையில்தான். அதனால் சோனிங் போர்டில் போக்குவரத்து வாதத்துக்கு நிஜமான எடை உண்டு. பிளானிங் போர்டில் கதையே வேறு.

டிராஃபிக் கூடும் என்பது ஏன் எடுபடுவதில்லை?

நார்த் பிரன்ஸ்விக்கில் ஒரு டங்கின் டோனட்ஸ் கடைக்குப் பிளானிங் போர்டு அனுமதி மறுத்தது. வெளியே இருக்கும் சாலையில் நெரிசல் என்பது காரணம். வழக்கு மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 1984-ல் தீர்ப்பு வந்தது. அனுமதிக்கப்பட்ட பயன்பாடு என்றால், மனைக்கு வெளியே உள்ள போக்குவரத்து நிலையைக் காரணம் காட்டி போர்டு மறுக்க முடியாது. கார்கள் மனைக்குள் நுழைவதும் வெளியேறுவதும் பாதுகாப்பாக இருக்கிறதா என்று மட்டும் ஆராயலாம் என்றது நீதிமன்றம். இந்த இடத்தில் கடை வரலாம் என்று சோனிங் விதி எழுதியபோதே ஊர் அந்த நெரிசலுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டது என்பது இதன் உட்பொருள். இன்றுவரை விண்ணப்பதாரரின் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் விசாரணைக்கு வருகிறார்கள்.

அப்போது பேசாமல் இருந்துவிடலாமா? வேண்டாம். வாயிலைப் பற்றிப் பேசுங்கள். நுழைவு எங்கே இருக்கிறது? வளைவுக்குப் பக்கத்திலா? வெளியே வரும் ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் எத்தனை அடி தூரம் தெரியும்? அந்தப் பார்வைக் கோட்டில் மரமோ விளம்பரப் பலகையோ மறைக்கிறதா? இடப்புறம் திரும்ப அனுமதித்தால் பின்னால் வரும் வண்டிகள் எங்கே நிற்கும்? சரக்கு லாரி ரோட்டில் பின்னோக்கி வராமல் உள்ளேயே திரும்ப முடியுமா? தீயணைப்பு வண்டி? பள்ளிப் பேருந்து நிற்கும் இடம் புது வாயிலிலிருந்து எவ்வளவு தூரம்? நடைபாதை மனை எல்லையோடு நின்றுபோகிறதா, அடுத்த நடைபாதையோடு சேருகிறதா? இவை எல்லாம் போர்டின் அதிகாரத்துக்குள் வருபவை. "பிள்ளைகள் நடக்கிறார்கள், பயமாக இருக்கிறது" என்ற அதே கவலையைத்தான் இந்தக் கேள்விகளும் சொல்கின்றன. ஆனால் இவற்றுக்குப் பொறியாளர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் போர்டு நிபந்தனை போடலாம்: வலப்புறம் மட்டும் திரும்ப வேண்டும், வாயிலை நகர்த்த வேண்டும், லாரி வரும் நேரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று. அனுமதியைத் தடுக்க முடியாத இடத்தில் நல்ல நிபந்தனைகளை வாங்குவதே பெரிய வெற்றி என்பேன். இதை நம்மவர்கள் தோல்வியாக நினைப்பதுதான் வருத்தம்.

விண்ணப்பதாரரின் போக்குவரத்துப் பொறியாளரைக் கேள்வி கேட்காமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. ஒவ்வொரு சாட்சியும் பேசி முடித்ததும் பொதுமக்கள் கேள்வி கேட்க நேரம் தருவார்கள். அப்போது கேள்வி மட்டும்தான். கருத்துச் சொல்லத் தனி நேரம் பின்னால் வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் கேள்வி நேரத்தில் சொற்பொழிவு ஆரம்பித்தால் தலைவர் உட்காரச் சொல்வார். நொந்துபோய் வீட்டுக்குக் கிளம்பினால், சாட்சியை மடக்கும் வாய்ப்பும் போய்விடும்.

கேட்க நிறைய இருக்கிறது. வண்டிகளை எந்தத் தேதியில் எண்ணினீர்கள், அன்று பள்ளி நடந்ததா? காலை, மாலை உச்ச நேரத்தை மட்டும் எண்ணினீர்களா? பள்ளி விடும் நேரம் அதில் அடங்குகிறதா? எத்தனை வண்டி வரும் என்ற கணக்கு வழக்கமாக ஐடிஇ என்ற பொறியாளர் அமைப்பின் கையேட்டிலிருந்து எடுக்கப்படும். அதில் எந்த வகைக் கட்டடமாகக் கணக்குப் போட்டார்கள் என்று கேளுங்கள். கிடங்கிலேயே பல வகை உண்டு, வகை மாறினால் எண்ணிக்கையும் மாறும். பெட்ரோல் பங்க் மாதிரி இடங்களில், எப்படியும் அந்த வழியாகப் போகிறவர்கள் என்று ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். அந்தக் கழிவு எவ்வளவு? ரோட்டுக்கு அவர்கள் புதிய வண்டிகள் இல்லைதான், ஆனால் வாயிலில் அவர்களும் திரும்பத்தானே வேண்டும்?

அப்புறம் அந்த மதிப்பெண். சந்திப்புகளுக்கு ஏ முதல் எஃப் வரை சேவை நிலை என்று ஒரு தரம் போடுவார்கள். சிக்னல் உள்ள சந்திப்பில் ஒரு வண்டி சராசரியாக 10 வினாடிவரை காத்திருந்தால் ஏ, 80 வினாடிக்கு மேல் போனால் எஃப். இது அளப்பது தாமதத்தை, ஆபத்தை இல்லை. வண்டிகள் வேகமாகப் பறக்கும் ரோட்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும், அங்கே நடந்து கடப்பவர் பாடு திண்டாட்டமாக இருக்கும். "சி வருகிறது, பிரச்சினை இல்லை" என்று பொறியாளர் சொன்னால், விபத்துப் பதிவுகளைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அந்தச் சந்திப்பின் போலீஸ் விபத்து அறிக்கைகளைப் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் நீங்களும் முன்னதாகவே கேட்டு வாங்கலாம்.

போட்டோ காட்டப் போகிறீர்களா? எடுத்தவரே நேரில் வந்து எப்போது, எங்கே எடுத்தது என்று பிரமாணத்தின்மேல் சொல்ல வேண்டும். போனில் காட்டுவதைவிட அச்சிட்ட பிரதிகள் நல்லது. எண் போட்டு ஆவணமாகப் போர்டே வைத்துக்கொள்ளும்.

500 கையெழுத்து வாங்கிய மனுவை மேசையில் வைப்பதால் பலன் குறைவு. காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதால் அதைச் சாட்சியமாக எடுக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்டதில் 10 பேர் தெளிவான கேள்விகளோடு நேரில் வந்தால் அதற்கு மதிப்பு அதிகம். போர்டு உறுப்பினரைக் கோவிலில் பார்த்து இரண்டு வார்த்தை போட்டு வைப்பது இன்னும் மோசம். விசாரணைக்கு வெளியே பேசினால் அவர் வழக்கிலிருந்து விலக நேரிடலாம். போவது உங்களுக்கு ஆதரவான வாக்காகவே இருக்கலாம்.

ரோடு யாருடையது என்று பார்க்காமல் வேகத்தடை, சிக்னல் என்று போர்டிடம் கேட்பவர்களும் உண்டு. எண் பலகையைப் பாருங்கள். நீலத்தில் மஞ்சள் எழுத்து என்றால் கவுண்டி ரோடு. வாயிலுக்குக் கவுண்டி பிளானிங் போர்டின் ஒப்புதலும் வேண்டும். ரூட் 1, ரூட் 18 போன்றவை மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையில். ஊர்த் தெருவில் ஸ்டாப் பலகையோ பார்க்கிங் தடையோ வேண்டுமென்றால் கவுன்சிலுக்குப் போக வேண்டும். மாநிலச் சட்டப்படி நடைக்கடவைக்கு 25 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாது. ஹோபோகன் நகரம் இந்த இடத்தைக் கம்பங்களும் செடித்தொட்டிகளும் வைத்து உண்மையிலேயே காலியாக வைத்தது. 2017 முதல் பல ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. எந்தப் பிளானிங் போர்டு விசாரணையும் இதைத் தந்திருக்காது.

டிராஃபிக்கை வேறெதற்கோ திரையாக்குவது

பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் ஒரு மசூதிக்கான விண்ணப்பம் மூன்றரை ஆண்டுகளில் 39 விசாரணைகளைக் கண்டது. தேவாலயங்களுக்கு மூன்று பேருக்கு ஒரு இடம் என்று பார்க்கிங் கணக்கு இருந்த ஊரில், மசூதிக்கு மட்டும் 50-க்குப் பதில் 107 இடம் கேட்டார்கள். 2015 டிசம்பரில் போர்டு விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. மதங்களுக்கு இடையே பாகுபாடு காட்டியது சட்டவிரோதம் என்று நீதிபதி சொன்னார். 2017-ல் 32.5 லட்சம் டாலர் கொடுத்து டவுன்ஷிப் சமரசம் செய்துகொண்டது. நம் கோவில்களும் இதே போர்டுகளின் முன்னால் நின்று இதே பார்க்கிங் கேள்விகளைச் சந்திப்பவைதான். குறைந்த வருமானக் குடியிருப்பு வரும்போது "பள்ளியில் கூட்டம் சேரும்" என்று நாமே மைக் பிடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. குடியிருப்பில் எத்தனை குழந்தைகள் வருவார்கள் என்பதைக் காரணம் காட்டி போர்டு மறுக்கவும் முடியாது.

காலம் கடந்து போவது இன்னொரு தவறு. அந்த மனையில் கிடங்கு வரலாம் என்பது பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு முன்பே, நாலு பேர் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் முடிவாகியிருக்கும். ஊரின் வளர்ச்சிக்கான நீண்டகாலத் திட்டமான மாஸ்டர் பிளானைக் குறைந்தது 10 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். சோனிங் விதியைக் கவுன்சில் மாற்றும்போதும் பொது விசாரணை உண்டு. டிராஃபிக் தாங்காது என்ற வாதத்துக்கு முழு உரிமை இருக்கும் இடம் அதுதான்.

வாக்கெடுப்பு முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். நிபந்தனைகளை வாய்மொழியாகச் சொல்லியிருப்பார்கள். எழுத்து வடிவத் தீர்மானம் வழக்கமாக 45 நாளுக்குள் வரும். வாங்கிய நிபந்தனை அதில் இருக்கிறதா, வார்த்தை நீர்த்துப்போயிருக்கிறதா என்று சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் தீர்மானம் நிறைவேறும் கூட்டத்துக்கு முன்பே போர்டின் செயலாளருக்கு எழுதிவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு, முடிவைப் பற்றிய அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 45 நாள் அவகாசம். மேல்முறையீட்டை விசாரிக்கும் மாநிலத்தின் சுப்பீரியர் கோர்ட்டில் புதிதாகச் சாட்சி எடுக்க மாட்டார்கள். போர்டின் பதிவைத்தான் புரட்டுவார்கள். விசாரணையில் கேட்காத கேள்வியை அங்கே கொண்டுபோக முடியாது.