மாதக்கணக்கில் ஓடாத வண்டிக்கு

ஊருக்குப் போகிறவர்கள் பைக் சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த யோசனையை நான் அடியோடு எதிர்க்கிறேன். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறினால்தான் அது வெளியேறும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். செல்ஃப் அடித்ததில் செலவான சார்ஜ்கூட அதற்குள் பேட்டரிக்குத் திரும்பியிருக்காது. முறையாகத் தயார்செய்து நிறுத்துங்கள். பிறகு என்ஜினைத் தொடவே வேண்டாம்.

முதல் கவலை பெட்ரோல். இரும்பு டேங்க் என்றால் முழுக்க நிரப்புங்கள். உள்ளே காலியிடம் இருந்தால் ஈரக்காற்று புகுந்து சுவரில் துரு ஏறும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்க்கின் அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் நாள்பட்டுக் கெடாமல் காக்கும் ஃப்யூயல் ஸ்டெபிலைசர் என்ற திரவத்தையும் குப்பியில் எழுதியுள்ள அளவில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வாருங்கள். அந்தச் சூட்டோடு பழைய ஆயிலை வடித்துப் புதியதை ஊற்றிவிடலாம். ஓடிய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். அதில் பேரிங்குகளை மாதக்கணக்கில் ஊறவிடக் கூடாது.

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டிக்கு இன்னொரு வேலை உண்டு. என்ஜின் ஆறியதும், டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் வழியிலுள்ள திருகு வால்வை (பெட்ரோல் காக்) மூடுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் திருகு இருக்கும். கீழே சின்ன டப்பாவைப் பிடித்துக்கொண்டு அதைத் தளர்த்தினால் மிச்சப் பெட்ரோல் இறங்கிவிடும். சொட்டு நின்றதும் திருகை முடுக்குங்கள். இந்தச் சின்ன வேலையைத் தட்டிக்கழித்தால், உள்ளே இருப்பது ஆவியாகி மஞ்சள் பிசினாக, பெட்ரோல் பாயும் ஜெட்டின் நுண்துளையில் படியும். பிறகு கார்புரேட்டரையே கழற்றிக் கழுவ வேண்டியதுதான். இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து கழற்றி வையுங்கள். நெகட்டிவ் முனையை முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் சேசிஸில் பட்டாலும் பொறி பறக்காது. சாதாரண 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் ஏறக்குறைய 12.7 காட்டும். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்து, 12.4-க்கு இறங்கினால் மறுபடி சார்ஜ் போடுங்கள்.

செயினைத் துடைத்து லூப் (மசகெண்ணெய்) அடிப்பது, டயரில் காற்றைச் சரியாக நிரப்பி சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவது எல்லாம் எல்லோரும் அறிந்ததே. மூடுவதற்குக் காற்றுப் போகும் துணி உறை போதும். பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டுகிறவர்கள் துருவை வளர்க்கிறார்கள் என்பேன்.

எலிகளுக்கு ஏர் ஃபில்டர் பெட்டி வாடகையில்லா வீடு. அதன் காற்று வாயிலையும் ஆறிய சைலன்சர் வாயையும் பளிச்சென்ற நிறத் துணியால் அடைத்து, 'துணியை எடுக்கவும்' என்று எழுதிய அட்டையை ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள்.

திரும்ப எடுக்கும் நாளில் துணிகளை அகற்றி, காற்றும் ஆயிலும் பார்த்துவிட்டு, பிரேக் லீவரை அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் வண்டியை நகர்த்த வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தாலே போய்விடும்.