மழை பெய்யாத இரவில் கூரை ஏன் சொட்டுகிறது? சுவர், கூரை வழியே வெப்பமும் ஈரமும் நகர்வதைக் கணக்கிடும் முறை

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) நான் வளர்ந்த காலத்தில், சனவரி மாதத்து விடியற்காலைகளில் தகரக் கூரையிலிருந்து கம்பளியின் மீது துளித்துளியாகத் தண்ணீர் விழும். அன்றிரவு மழை பெய்திருக்காது. வானம் துலக்கமாக இருக்கும், வெளியே புல்லின் மேல் வெண்பனி படிந்திருக்கும். தகரத்தில் ஓட்டை இருக்கிறது என்று எண்ணி, அப்பா ஒவ்வோர் ஆண்டும் ஆணித் துளைகளுக்குத் தார் பூசுவார். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதே துளி விழும். உயர்தர வகுப்பில் பனிபடுநிலை (காற்றிலுள்ள ஆவி தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) என்ற பாடம் வந்த நாளில்தான், அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளே படுத்திருந்த எங்கள் மூச்சிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வந்தது என்று எனக்கு விளங்கியது.

இன்று ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் குடியேறுபவர்கள் பலர், சுவர் கறுக்கிறது, கூரை சொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போய் ஏதேனும் ஒரு பூச்சை வாங்கி வருகிறார்கள். பூச்சு வாங்குமுன் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஈரம் எந்த வழியாக வருகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தக் கணக்கை ஆரம்பத்திலிருந்து இங்கே செய்து காட்டுகிறேன். எக்செல் தாள் ஒன்று போதும். கொப்பியும் கல்குலேட்டரும் இருந்தாலும் செய்யலாம்.

முதற்படி: அளவெடுத்தல்

வெப்பநிலையையும் சாரீரப்பதனையும் (காற்று அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய ஆவியில் எத்தனை சதவீதம் அதில் இருக்கிறது என்பதையும்) காட்டும் சிறிய இலக்கமானிகள் இரண்டு வாங்கி, ஒன்றைப் படுக்கையறையிலும் மற்றதை மழையும் வெயிலும் படாதவாறு வெளித் திண்ணையான இஸ்தோப்பிலும் வைத்து, ஒரு வாரத்துக்கு இரவு படுக்கும்போதும் விடியற்காலையிலும் வாசிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மலிவான மானிகளின் ஈரப்பதன் வாசிப்பை அப்படியே நம்பக்கூடாது. ஒரு போத்தல் மூடியில் கறியுப்பைப் போட்டு, அது கரைந்துவிடாமல் களியாகும் அளவுக்கு மட்டும் சில துளி தண்ணீர் விட்டு, மானியுடன் சேர்த்து இறுக மூடக்கூடிய பெட்டியொன்றில் எட்டு மணித்தியாலம் வையுங்கள். அந்தப் பெட்டிக்குள் சாரீரப்பதன் 75 சதவீதமாகவே இருக்கும். மானி 70 காட்டினால், அந்த வீச்சில் அது 5 குறைத்துக் காட்டுகிறது என்று தாளின் மேல் எழுதிவையுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் மேலே போகவேண்டாம். பின்வரும் எல்லா எண்களும் இதன்மேல்தான் நிற்கின்றன.

இங்கே உதாரணத்துக்கு ஒரு குளிர் இரவை எடுத்துக்கொள்வோம்: உள்ளே 18 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் 75 சதவீதம், வெளியே 8 பாகை, 90 சதவீதம். நுவரெலியாப் பக்கத்தில் சனவரி, பெப்ரவரி இரவுகள் இதைவிடக் குளிர்வதும் உண்டு.

இரண்டாம் படி: அடுக்குகளின் வெப்பத்தடை

சுவரை உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காக எழுதுங்கள். ஒவ்வோர் அடுக்கின் தடிப்பையும் மீற்றரில் எழுதி, அப்பொருளின் வெப்பக்கடத்தாறால் (அது வெப்பத்தை எவ்வளவு எளிதில் கடத்துகிறது என்ற எண்ணால்) பிரித்தால் அதன் வெப்பத்தடை கிடைக்கும். சீமெந்துப் பூச்சுக்கும் அடர்த்தியான புளொக் கல்லுக்கும் கடத்தாறு 1.0 என்று கொள்ளலாம். ஆகவே 15 மில்லிமீற்றர் பூச்சின் தடை 0.015, 150 மில்லிமீற்றர் புளொக் கல்லின் தடை 0.15, வெளிப்பூச்சு மீண்டும் 0.015. சுவரை ஒட்டி நிற்கும் காற்றுப் படலங்களுக்கும் தடை உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். சுவரின் உட்புறத்துக்கு 0.13, வெளிப்புறத்துக்கு 0.04 என்பவை வழக்கமான பெறுமானங்கள். எல்லாம் சேர்ந்து 0.35. இந்தத் தொகையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உட்புறக் காற்றுப் படலம் ஒன்றே தருகிறது என்பதைக் கவனியுங்கள். புளொக் கல் நாம் நினைப்பதுபோல் குளிரைத் தடுக்கும் பொருளன்று.

மூன்றாம் படி: ஒவ்வோர் இடத்தின் வெப்பநிலை

உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 10 பாகை. அதை 0.35 ஆல் பிரித்தால், சதுர மீற்றருக்கு 28.6 வாற்று வெப்பம் வெளியேறுகிறது. இந்த எண்ணை ஒவ்வொரு தடையாலும் பெருக்கி, 18 இலிருந்து படிப்படியாகக் கழித்துக்கொண்டு போகவேண்டும். சுவரின் உட்பரப்பு 14.3 பாகை, உட்பூச்சுக்கும் கல்லுக்கும் இடையே 13.9, கல்லுக்கும் வெளிப்பூச்சுக்கும் இடையே 9.6, வெளிப்பரப்பு 9.1, அதன்பின் 8. கடைசியில் 8 வராவிட்டால் எங்கோ பிழை விட்டிருக்கிறீர்கள்.

நான்காம் படி: பரப்பில் என்ன நடக்கிறது

காற்று ஒரு வெப்பநிலையில் எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை நிரம்பலாவியமுக்கம் சொல்கிறது. 8 பாகையில் 1073 பஸ்கால், 10 இல் 1228, 12 இல் 1402, 14 இல் 1598, 16 இல் 1818, 18 இல் 2064, 20 இல் 2338. இடைப்பட்ட பெறுமானங்களை இவற்றுக்கிடையே விகிதப்படி கணித்துக்கொண்டால் நம் தேவைக்குப் போதும்.

உள்ளே இருக்கும் ஆவியமுக்கம் 2064 இன் 75 சதவீதம், அதாவது 1548 பஸ்கால். இந்த 1548 எந்த வெப்பநிலையின் நிரம்பல் அமுக்கமோ அதுவே பனிபடுநிலை, ஏறத்தாழ 13.5 பாகை. நம் சுவரின் உட்பரப்பு 14.3 பாகை என்பதால் தண்ணீர் வடியாது. ஆனால் 14.3 பாகையில் நிரம்பலாவியமுக்கம் 1627. 1548 ஐ அதனால் பிரித்தால் பரப்பை ஒட்டிய காற்றின் சாரீரப்பதன் 95 சதவீதம் என்று வருகிறது. பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்காக நின்றாலே பூஞ்சணம் வளர இடமுண்டு. சுவர் தொட்டால் நனையாமல் இருந்தும் கறுத்துப்போவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது அலுமாரிக்குப் பின்னால் போவோம். அங்கே காற்று அசைவதில்லை. அறையின் வெப்பமும் அந்த மூலையை நன்றாக எட்டுவதில்லை. ஆகவே உட்புறப் படலத் தடையை 0.13 இலிருந்து 0.25 ஆக மாற்றிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். மொத்தத் தடை 0.47, வெளியேறும் வெப்பம் 21.3 வாற்று, பரப்பு வெப்பநிலை 12.7 பாகை. பனிபடுநிலைக்குக் கீழே போய்விட்டது. அங்கே ஆவி ஒடுங்கித் தண்ணீராகும். அலுமாரியை இழுத்துப் பார்க்கும்போது அதன் உருவமே சுவரில் கறுப்பாகப் பதிந்திருப்பதையும், பின்பலகை ஊதிப்போய் இருப்பதையும் கண்டவர்களுக்கு இந்த எண் புதுமையாக இராது. நான்கு விரல் இடைவெளி விட்டு, வெளிச்சுவரில் அல்லாமல் உட்சுவரில் சாத்தி வைத்தால், செலவில்லாமலே இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

ஐந்தாம் படி: சுவருக்குள்ளே

ஆவி சுவரின் ஊடாகவும் பரவும். ஒரு பொருள் அசையாத காற்றைவிட எத்தனை மடங்கு ஆவியைத் தடுக்கிறது என்பதே ஆவித்தடைக் காரணி. அதைத் தடிப்பால் பெருக்கினால், அந்த அடுக்கு எத்தனை மீற்றர் காற்றுக்குச் சமம் என்பது தெரியும். பூச்சுக்கும் புளொக் கல்லுக்கும் காரணி 10 என்று கொள்வோம். பூச்சுகள் 0.15 மீற்றர் வீதம், கல் 1.5 மீற்றர், மொத்தம் 1.8 மீற்றர். வெளியே ஆவியமுக்கம் 1073 இன் 90 சதவீதம், 966 பஸ்கால். வித்தியாசம் 582. இதை 1.8 மீற்றருக்குச் சமமாகப் பகிர்ந்தால், கல்லின் உட்பக்கத்தில் 1500 பஸ்காலும் வெளிப்பக்கத்தில் 1015 பஸ்காலும் வரும். அதே இடங்களின் நிரம்பல் அமுக்கங்கள் 1581, 1191. இரண்டிடத்திலும் ஆவியமுக்கம் குறைவாகவே இருப்பதால் சுவருக்குள் ஒடுக்கம் இல்லை. ஜெர்மனியரான கிளேசர் 1950களின் இறுதியில் வெளியிட்ட இந்த ஒப்பீடு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

எவ்வளவு ஆவி கடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். காற்றின் ஆவி ஊடுபுகுதிறன் ஒரு செக்கனுக்கு, ஒரு மீற்றருக்கு, ஒரு பஸ்காலுக்கு 0.0000000002 கிலோகிராம். 582 ஐ 1.8 ஆல் பிரித்து, இதனாலும் 12 மணித்தியாலத்தின் 43,200 செக்கன்களாலும் பெருக்கினால் சதுர மீற்றருக்கு 2.8 கிராம் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் பரவல் இன்னும் கால் பங்கு கூடும். அப்போதும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் தேறாது. சுவர் ஊறி உப்புப் பூத்திருந்தால் அதற்கு ஆவிப் பரவல் காரணமாக இருக்க முடியாது.

ஆறாம் படி: கூரை

வெறுந்தகரத்துக்குத் தடை இல்லை என்றே சொல்லலாம். மேல்நோக்கிப் போகும் வெப்பத்துக்கு உட்படலத் தடை 0.10, வெளிப்படலம் 0.04, மொத்தம் 0.14 தான். சதுர மீற்றருக்கு 71 வாற்று வெளியேறுகிறது. தகரத்தின் அடிப்பக்கம் 10.9 பாகை, பனிபடுநிலையை விட இரண்டரைப் பாகைக்கும் கீழே. அப்பாவின் தார் ஏன் பலிக்கவில்லை என்பதற்கான விடை இந்த ஓர் எண்ணில் இருக்கிறது. இதிலும் முகிலற்ற இரவில் தகரம் வானத்தை நோக்கி வெப்பத்தை வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும் என்பதை நாம் இன்னும் சேர்க்கவில்லை. மூடுபனி மூடிய இரவைவிட நட்சத்திரம் தெரியும் இரவில் கூரை கூடச் சொட்டுவது அதனால்தான்.

சொட்டும் தண்ணீரின் அளவுக்கு எல்லை வைப்பது வீட்டுக்குள் உண்டாகும் ஆவி. தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை மூச்சாலும் தோலாலும் வெளிவிடுகிறார் என்று கொண்டால், ஐந்து பேர் எட்டு மணித்தியாலத்தில் 1.6 லீற்றர் விடுவார்கள். உள்ளே கயிற்றில் காயும் துணியும் இரவுச் சமையலும் வேறு. உள்ளே ஒரு கன மீற்றர் காற்றில் 11.5 கிராமும் வெளியே 7.4 கிராமும் ஆவி இருக்கிறது. ஆகவே வெளியேறும் ஒவ்வொரு கன மீற்றரும் 4.1 கிராமைக் கொண்டுபோகும். மணிக்கு 200 கிராமை அகற்ற 49 கன மீற்றர் காற்று மாறவேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவின் (அறையின்) கொள்ளளவு 27 கன மீற்றர்தான். குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் துணியால் அடைக்கும் வழக்கத்தின் விலை இந்தக் கணக்கில் தெரிகிறது.

அடுத்து, சிலிங் அடிக்கலாமா என்ற கேள்வி. 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை, அதன்மேல் வெப்பத்தைத் தடுக்கும் 50 மில்லிமீற்றர் கனிமக் கம்பளி, அதன்மேல் தகரம் என்று வைத்தால் மொத்தத் தடை 1.43 ஆக உயரும். சிலிங்கின் பரப்பு 17.3 பாகை, அதை ஒட்டிய சாரீரப்பதன் 79 சதவீதம். அறைக்குள் இது பெரிய முன்னேற்றம். ஆனால் தகரத்தின் அடிப்பக்கம் இப்போது 8.3 பாகைக்கு இறங்கிவிட்டது, அங்கே 1092 பஸ்காலுக்கு மேல் தாங்காது. பலகையையும் கம்பளியையும் கடந்து, 0.65 மீற்றர் காற்றுக்குச் சமமான தடையூடாக, இரவொன்றுக்கு சதுர மீற்றருக்கு 6 கிராம் அங்கே போய் ஒடுங்கும். பலகை மூட்டுகளின் இடுக்கால் காற்றே நேராக மேலேறினால் இது பல மடங்காகும். துளி இப்போது நம் போர்வையில் அல்லாமல் கனிமக் கம்பளியில் விழுவதால் நம் கண்ணுக்குத் தெரியாது. சட்டங்கள் உக்கிய பிறகுதான் தெரியவரும்.

ஆகவே பலகைக்கு நேர்மேலே, கம்பளிக்குக் கீழே, பொலித்தீன் விரிப்பை மூட்டுகள் ஒட்டப்பட்டதாக இடவேண்டும். 50 மீற்றர் காற்றுக்குச் சமமான விரிப்பைத் தாளில் சேர்த்துப் பாருங்கள். 6 கிராம் 0.1 கிராமுக்கும் கீழே போய்விடும். விரிப்பைக் கம்பளிக்கு மேலே, தகரத்துப் பக்கம் இட்டால் பலன் எதிர்மாறாகும். தகரத்துக்கும் கம்பளிக்கும் இடையே காற்றோடும் வெளி விடுவதும், தகரத்தின் அடியில் படியும் துளியை ஏந்திப் பீலிக்குக் கொண்டுபோகச் சாய்வான நீர்காப்பு விரிப்பு இடுவதும் அவசியம். ஏனெனில் 8 பாகை, 90 சதவீத வெளிக்காற்றின் பனிபடுநிலை 6.5 பாகை, துலக்கமான இரவில் தகரம் அதற்குக் கீழே போவது எளிது.

ஏழாம் படி: மழையைச் சேர்த்தல்

மேற்கண்ட கணக்கு மழையையோ, கல் நீரை உறிஞ்சுவதையோ, வெயிலையோ அறியாது. அவற்றை மணிக்கு மணி கணிக்க ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்தின் வூஃபி போன்ற மென்பொருள்கள் உண்டு. அவற்றில் இறங்குமுன் கையால் ஒரு கணக்குப் போட்டுப்பார்ப்பது நல்லது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சுவரில் மழையை அடிக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவக்காற்றின் திசையைப் பார்க்கவேண்டும்.

யூன் மாதத்தில் வெளியே 17 பாகை, 95 சதவீதம். உள்ளே 20 பாகை என்று கொள்வோம். மழைநீர் வெடிப்புகளூடாகப் போய்க் கல்லை ஊறவைத்துவிட்டது. கல்லின் வெளிப்பக்கம் 17.5 பாகை, அங்கே 1992 பஸ்கால், வெளிக்காற்றில் 1841. வெறும் 151 பஸ்கால் வித்தியாசம். 0.15 மீற்றர் பூச்சின் வழியே நாளொன்றுக்கு 17 கிராம் வெளியேறும். சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் ஊறியிருந்தால், மறுபடி நனையாதிருந்தாலும் உலர இரண்டு மாதம் ஆகும். அதே சுவரின் வெளிப்புறத்தில், 3 மீற்றர் காற்றுக்குச் சமமான தடித்த எண்ணெய்ப் பெயின்ற் பூசியிருந்தால் நாளுக்கு ஒரு கிராமும் வெளியேறாது. ஒரு லீற்றர் உலர மூன்று ஆண்டுக்கு மேல் வேண்டும். பெயின்றில் மயிரளவு வெடிப்பு விழுந்தாலே அடுத்த மழை உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. இந்த எண்ணைப் பார்த்த பின்புதான் எங்கள் வீட்டு மேற்குச் சுவரின் பெயின்றைச் சுரண்டியெடுத்து, வெடிப்புகளை அடைத்து, ஆவி போகவிடும் பூச்சைப் பூசி, கூரைத் தாழ்வாரத்தை இரண்டடி நீட்டினோம்.