நெஸ்டர் தாத்தா பேச ஆரம்பித்தால் பக்கத்தைத் தள்ளாமல் படிப்பது எப்படி?

ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டை முதல் தடவை படித்தபோது, பைலோஸ் மன்னர் நெஸ்டர் "அந்த வயசும் தெம்பும் இப்ப இருந்தா..." என்று இழுத்தாலே நாலு பக்கம் தாண்டிவிடுவேன். கிரேக்கப் பெருவீரன் அகிலிஸின் தோழன் பட்ரோக்ளஸ் செத்ததும்தான் மாட்டிக்கொண்டேன்: இவன் எதற்காகப் போருக்குப் போனான்? திரும்பி வந்து படித்த முறை இது. டிராய்ப் போர்க் கதை தெரியும்தானே, நேராகப் போகிறேன்.

முதலில், வரி எண் போட்ட முழு மொழிபெயர்ப்பு வாங்குங்கள். சுருக்கப் பதிப்பு வேண்டவே வேண்டாம், கத்தரிக்கோல் முதலில் விழுவது இவர் மேல்தான். குறிக்கப் பென்சில் போதும். கலர் ஒட்டுத்தாள் எனக்கு ஆகாது.

அடுத்து, 1ஆம் காண்டத்தில் பழகுங்கள். சண்டை போடும் அகிலிஸையும் படைத்தலைவன் அகமெம்னானையும் நெஸ்டர் சமாதானப்படுத்தப் பார்க்கும் முப்பது வரிப் பேச்சுதான். பழம்பெருமை எங்கே முடிகிறது, புத்திமதி எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுங்கள். அகிலிஸ், அகமெம்னான் இரண்டு பேருமே கேட்கவில்லை என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள்.

அப்புறம் 11ஆம் காண்டம்; நெஸ்டரின் பேச்சு வரி 656 முதல் 803 வரை. நான் சறுக்கியது இங்கேதான். வெளியே போர்; கோபித்துக்கொண்ட அகிலிஸ் அதில் இல்லை. கூடாரத்தில் காயம்பட்ட மருத்துவர் மக்காவோனும் நெஸ்டரும் மதுவில் ஆட்டுப்பால் சீஸைத் துருவிப் போட்டு, மாவு தூவிக் குடிக்கிறார்கள். அவசரமாக வந்த பட்ரோக்ளஸ் உட்கார மாட்டேன் என்கிறான். நின்றபடியே கிட்டத்தட்ட 150 வரி கேட்கிறான்! நடுவில் வரும் மாடுபிடிச் சண்டைக் கதையைத் தாண்டாதீர்கள். போருக்குப் போகக் கூடாது என்று அப்பா நெலியஸ் குதிரைகளை ஒளித்துவைக்க, இளம் நெஸ்டர் நடந்தே போய் ஜெயிக்கிறார். பெரியவன் தடுத்தாலும் நீ போ என்று கிழவர் சொல்லாமல் சொல்கிறார் என்பது என் கணிப்பு. கடைசியில், அகிலிஸ் வராவிட்டால் அவன் கவசத்தைப் போட்டுக்கொண்டு நீயாவது வா என்கிறார். 16ஆம் காண்டத்தில் அதே கவசத்தோடு போய்ச் சாகிறான்.

பின்சேர்க்கை: "மென்டார் (வழிகாட்டி) என்ற சொல் இவரிடமிருந்தா வந்தது?" என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். இல்லை, மென்டார் ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் வரும் வேறொருவர். அங்கேயும் பாதி நேரம் அவர் உருவத்தில் பேசுவது அதீனா தேவிதான்.

இன்னொருவர், 23ஆம் காண்டத்தில் நெஸ்டர் தரும் யோசனை எங்கே பலிக்கிறது என்று குழம்பியிருந்தார். தேர்ப் பந்தயத்துக்கு முன் நெஸ்டர் தன் மகன் ஆன்டிலோகஸிடம், திருப்பத்தில் இடது குதிரை எல்லைக்கட்டையை உரசுகிற மாதிரி ஓட்டு, கல்லில் மட்டும் மோதிவிடாதே என்று விலாவாரியாகச் சொல்கிறார். நீங்கள் எதையும் தவறவிடவில்லை. பையன் முந்துவது திருப்பத்தில் இல்லை, குறுகலான பாதையில் போட்டியாளன் மெனலாஸை மிரட்டி.