சின்னப் படகில் மார்லின் பிடிக்கப் போகிறீர்களா?

ஹவாயின் கோனா கரையில் எரிமலைகள் காற்றை மறைக்கும், ஆழமும் பக்கத்திலேயே. அதனால் ஈட்டிபோல் நீண்ட அலகுள்ள பெரிய கடல்மீனான நீல மார்லினைச் சிறு படகிலேயே தேடிப் போகலாம்.

போலி இரையை 7 முதல் 9 நாட் (மணிக்குச் சுமார் 13 முதல் 17 கி.மீ.) வேகத்தில் இழுங்கள். படகு எழுப்பும் அலையின் முன்சரிவில் அது ஓட வேண்டும். வெறும் நுரைக்குள் ஓடினால் மீனின் கண்ணில் படாது. ரீலின் (தூண்டில் நரம்பு சுற்றும் உருளை) இறுக்கத்தை நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கு அளவுக்குத் தராசு மாட்டிப் பார்த்து வையுங்கள். கைக்கணக்கு இங்கே உதவாது.

மீன் மாட்டியதும் பெரிய படகுக்காரர்கள் ரிவர்ஸில் துரத்துவார்கள். வீடியோவில் பார்க்க அழகுதான். நீங்கள் செய்தால் பின்பக்கமாகத் தண்ணீர் ஏறும். மற்ற தூண்டில்களைச் சுருட்டிவிட்டு, முகப்பைத் திருப்பி, மீனுக்குப் பக்கவாட்டில் போய்க்கொண்டே நரம்பைச் சுற்றுங்கள். களைக்காத மார்லினைப் படகுக்குள் ஏற்றவே ஏற்றாதீர்கள்; அந்த அலகு ஆளையே குத்திவிடும்.