மேஜிகார்ப்பைத் தூக்கிப் போடாதீர்கள்

நடந்து திரிந்து கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் போன் விளையாட்டான போகிமான் கோ விளையாடும் மதுரைப் பிள்ளைகள் பலர் மேஜிகார்ப் மீனைக் கண்டாலே அலட்சியமாகக் கடந்து போகிறார்கள். துள்ளுவதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் 400 கேண்டி (விளையாட்டில் சேரும் மிட்டாய்) சேர்த்துவிட்டால் அதே மீனைக் கைராடோஸ் என்ற பெரிய உயிரினமாக மாற்றிவிடலாம்; அந்தக் கம்பீரத்தைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

நான் செய்வது இதுதான். விளையாட்டில் மேஜிகார்ப்பை என்னோடு நடக்கும் துணையாக வைத்துக்கொண்டு, சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். அதற்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கேண்டி. குளத்தை ஒரு சுற்று வந்தாலே அவ்வளவு தூரம் ஆகிவிடும். பைக்கில் சுற்றினால் கணக்கில் வராது, நடக்கத்தான் வேண்டும். விளையாட்டைத் திறக்காமலே நடையைக் கணக்கிடும் அட்வெஞ்சர் சிங்க் வசதியைப் போட்டுவிட்டால் போன் பாக்கெட்டில் இருந்தாலும் தூரம் ஏறும். படிக்கட்டுப் பக்கம் திரையைப் பார்த்துக்கொண்டே நடக்காமல் இருக்க இது நல்ல வழி.

நடையை மட்டும் நம்பினால் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் எதிரில் வரும் ஒவ்வொரு மேஜிகார்ப்பையும் விளையாட்டில் கிடைக்கும் பைனாப் பெர்ரிப் பழத்தைக் கொடுத்துப் பிடியுங்கள். பிடிக்கும்போது கிடைக்கும் கேண்டி இரட்டிப்பாகும். அப்புறம், தங்க நிற மேஜிகார்ப் சிக்கினால் பத்திரம். அது மாறினால் சிவப்புக் கைராடோஸ்!